அச்சமும் விளையாட்டும்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், சிறுவர்கள் ஆடும் வீடியோ விளையாட்டும் அதன்மீது பெரியோர்க்கு எழுந்துள்ள ஐயமுமாகும். விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பாடசாலை அதிபர் எதற்கு என்று உங்களிற் சிலர் வினவலாம். அதனோடு பயங்கரவாதம் என்னும் கொடுஞ்சொல் ஏன் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றும் வினவலாம். யாழ்ப்பாணத்துத் தீவுகளிலே ஆசிரியத் தொழில் பார்ப்பவனுக்கு இவ்விரண்டும் தனித்தனியே வருவதில்லை, கைகோத்துக்கொண்டே வருகின்றன. அவை எவ்வாறு கைகோத்தன என்பதே என் பேச்சு.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்தின் வழியே நடைபெறலாயின. அதுவரை வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி, அதுவும் தந்தையாரின் சட்டைப் பையிலே, என்றிருந்த நிலை மாறிற்று. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நகையை அடகு வைத்தும், வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கேட்டும் பிள்ளைகளுக்குத் தொலைபேசி வாங்கிக் கொடுத்தவர்கள் பலர். நெடுந்தீவிலே சமிக்ஞை கிடைக்கும் இடத்தைத் தேடி மதிலோரமாகவும் கடற்கரையோரமாகவும் பிள்ளைகள் நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். பாடசாலைகள் மீண்டுந் திறந்தன. தொலைபேசி மட்டும் பிள்ளையின் கையைவிட்டு அகலவில்லை. படிப்புக்கு வந்த பொருள் விளையாட்டுக்கும் ஆயிற்று. பப்ஜி, பிரீ பயர் என்னும் பெயர்களைக் கேளாத அதிபர் இன்று இலங்கையில் இருக்கமாட்டார்.

இவ்விளையாட்டுக்களைக் கண்ணாற் காணாத நேயர்களுக்காக ஒன்றைச் சற்று விரித்துரைக்கிறேன். பப்ஜி என்பதிலே, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நாடுகளில் இருக்கும் நூறு பேர் வரையில் ஒரே வேளையில் ஆடுகின்றனர். அவர்கள் ஒரு விமானத்திலிருந்து பரசூட் கட்டிக் குதிக்கிறார்கள். குதிக்குமிடம் ஒரு தீவு. அத்தீவிலே வீடுகள் உண்டு, மனிதர் இல்லை. கதவு திறந்து கிடக்கும்; அறைகள் வெறிச்சோடிக் கிடக்கும். வீடு வீடாக நுழைந்து துப்பாக்கியும் குண்டும் மருந்துப் பையும் தேடி எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். பிறகு ஒரு வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கி எல்லோரையும் ஓரிடத்திற்குத் துரத்தும். எஞ்சி நிற்பவனோ எஞ்சி நிற்குங் கூட்டமோ வென்றதாகும். நால்வர் ஒரு கூட்டமாக ஆடும்போது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் வழியுண்டு.

ஆட்களற்ற வீடுகள் நிறைந்த ஒரு தீவு! இதனை அமைத்தவர்கள் நம்மூரைக் கண்டவர்களல்லர். ஆயினும் புங்குடுதீவின் உட்தெருக்களிலே நடந்து சென்றவர்கள் இவ்வமைப்பைக் கேட்டதுந் திடுக்கிடவே செய்வர். 1990 ஆம், 1991 ஆம் ஆண்டுகளிலே தீவகத்திலிருந்து பெருந்தொகையினர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். திரும்பி வந்தவர் சிலர். கொழும்புக்கும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர் பலர். ஓடில்லாத கூரையும், கூரையைத் துளைத்து வளர்ந்த மரமும், பூட்டில்லாத கதவுமாகக் கிடக்கும் வீடுகளை இன்றுங் காணலாம். அவ்வீடுகளுக்கு நடுவே வாழும் பையன் தொலைபேசித் திரையிலும் அத்தகைய வீடுகளுக்குள்ளேயே நுழைந்து துப்பாக்கி தேடுகிறான். அவனுக்கு அது விளையாட்டு. அவனுக்குப் பின்னால் நின்று பார்க்கும் தாயாருக்கோ அது வேறு.

பெற்றோர் கூட்டமொன்றிலே ஒரு தாயார் எழுந்து, "ஐயா, இவன் இரவிலை 'சுடு, சுடு, வீட்டுக்குள்ளை ஒருத்தன் நிக்கிறான்' எண்டு கத்துறான். றோட்டாலை போறவன் கேட்டால் என்ன நினைப்பான்?" என்று கேட்டார். கூட்டத்திலே சிலர் சிரித்தனர். நாற்பது வயதைக் கடந்தவர் எவருஞ் சிரிக்கவில்லை.

அந்தத் தாயாரின் கேள்வியை நுணுகி நோக்கினால் அதிலே இரண்டு அச்சங்கள் உள. துப்பாக்கி விளையாட்டு ஆடும் பிள்ளை துப்பாக்கிக்காரனாகிவிடுவானோ என்பது முதலாவது. இவ்வச்சம் அமெரிக்காவிலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. ஆடுகிற பிள்ளையைப் பிறர் துப்பாக்கிக்காரன் என்று எண்ணிவிடுவார்களோ என்பது இரண்டாவது. இஃது எல்லா நாட்டிலும் இல்லை, நம்மவர்க்கு வாய்த்தது. முதலாவதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி எழுதுவார் அரியர். எனவே இரண்டாவதிலிருந்தே தொடங்குவோம்.

அச்சம் நிறைந்த காலத்திலே பொருள்கள் தம் இயல்பான பொருளை இழந்துவிடுகின்றன. இதை நம் தலைமுறையினருக்கு எடுத்துக்காட்டி விளக்க வேண்டியதில்லை. 1990 ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டிற்குப் பல பொருள்கள் வருவது தடைசெய்யப்பட்டது. மின்சூழ்விளக்குக்குப் போடும் பற்றறி, எரிபொருள், சீமெந்து, யூரியாப் பசளை முதலியன அவற்றுட் சில. பற்றறி வெளிச்சந் தருவது என்பது பொதுவழக்கு. அது குண்டை வெடிக்கச் செய்வது என்பது அக்காலத்து வழக்கு. இரண்டும் உண்மையே. ஆனால் ஆயிரம் பற்றறிகளில் எத்தனை வெளிச்சத்துக்குப் போயின, எத்தனை மற்றையதற்குப் போயின என்று எண்ணிப் பார்க்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. அதன் விளைவு என்ன? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலி கேட்டார்கள். இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்போருள் அவ்வாறு மிதி சுற்றிய கைகள் பல இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. செய்தி முடிவதற்குள் சுற்றுபவர் களைத்துவிட்டால் பட்ட பாடும் நினைவிருக்கும்.

தடையைப் பிறப்பித்தவர்களிடம் காரணம் இல்லாமலில்லை. போரிலே பற்றறிக்குப் பயன் உண்டு. நான் சுட்ட விரும்புவது வேறு. ஒரு பொருளைத் தீமையின் அடையாளமாகக் கருதத் தொடங்கிய மனம், அப்பொருளை வைத்திருப்பவரையும் அவ்வாறே கருதத் தொடங்குகிறது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்தது. அதன்படி வழக்கு விசாரணைக்கு முன்பே ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. ஐயம் ஒன்றே போதும் என்று சட்டமே சொல்லும்போது, தாயார் ஒருவர் பிள்ளையின் கூச்சலைத் தெருவுக்குக் கேளாமல் ஜன்னலைச் சாத்துவதை மூடத்தனம் என்று எவ்வாறு சொல்வது?

இனி, விளையாட்டின் மீது ஐயங் கொண்ட பெரிய அறிஞர்களின் கதைகளையும் பார்ப்போம். தாய்மார் மட்டுமே அஞ்சுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாதல்லவா?

2006 ஆம் ஆண்டு மே மாதத்திலே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் புலனாய்வுக் குழு கூடிற்று. தீவிரவாதிகள் இணையத்தை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதே அன்றைய பொருள். அரசாங்கத்துக்காகப் பணிபுரியும் பெரிய நிறுவனமொன்றின் நிபுணர்கள் ஒரு காட்சித் துண்டைத் திரையிட்டனர். 'பாற்றில்பீல்ட் 2' என்னும் வீடியோ விளையாட்டைத் தீவிரவாதிகள் மாற்றியமைத்து, அமெரிக்கப் படைவீரரைச் சுடும்படி செய்து, இளைஞரைத் தம் பக்கம் இழுக்கிறார்கள் என்பது அவர்கள் கூற்று. காட்சியிலே ஓர் இளைஞன் தன் கிராமத்துக்கு ஹெலிகொப்டரில் அந்நியர் வந்த கதையைக் கம்பீரமான குரலிலே சொல்லுகிறான். உறுப்பினர்கள் கவலையோடு பார்த்தனர். செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் அறிவித்தன.

சில நாட்களிலே உண்மை வெளிவந்தது. அக்காட்சியைத் தயாரித்தவர் ஒல்லாந்து நாட்டிலே வாழ்ந்த ஒரு விளையாட்டுப் பிரியர். நம்முடைய நெடுந்தீவுக்குத் தம் ஊரொன்றின் பெயரைச் சூட்டி 'டெல்ப்ற்' என்று அழைத்தார்களே, அதே ஒல்லாந்துதான். அவர் விளையாட்டை மாற்றியமைக்கவே இல்லை. கடையிலே விலைக்கு விற்கப்பட்ட விளையாட்டிலும் அதன் இணைப்பிலும் எதிர்ப்படையாக நின்று ஆடும் வசதி முன்னமே இருந்தது. அவர் தாம் ஆடியதைப் படமெடுத்துப் பொழுதுபோக்காகத் தொகுத்திருந்தார். அந்தக் கம்பீரக் குரல் எங்கிருந்து வந்தது? 2004 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலேயே தயாரிக்கப்பட்ட 'ரீம் அமெரிக்கா' என்னும் பொம்மலாட்டத் திரைப்படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. அமெரிக்கா பயங்கரவாதத்தின் மீது நடத்திய போரைக் கேலிசெய்வதற்கென்றே எடுத்த நகைச்சுவைப் படம் அது. நகைச்சுவைப் படத்தின் குரலைத் தீவிரவாதியின் குரல் என்று எண்ணி ஒரு சட்டசபைக் குழு செவிமடுத்திருந்தது. அந்த அறையிலே பதினாறு வயதுப் பையன் ஒருவனை உட்கார வைத்திருந்தால் அவன் முதல் நிமிடத்திலேயே எழுந்து, "ஐயன்மீர், இது அதுவல்ல" என்று சொல்லியிருப்பான். அவனை யாரும் அழைக்கவில்லை.

இக்கதையை நான் நகைப்புக்காக மட்டும் கூறவில்லை. அவ்வறையில் இருந்தவர்கள் அறிவற்றவர்களல்லர். தமக்கு அறிமுகமில்லாத உலகமொன்றைத் தம் அச்சத்தின் வழியே பார்த்தார்கள். 2013 டிசம்பரிலே வெளியான இரகசிய ஆவணங்களும் இத்தகைய செய்தியையே கூறின. 'வேர்ல்ட் ஒப் வோர்க்ராப்ற்' என்னும் பெயர்பெற்ற மாயாஜால விளையாட்டினுள்ளே அமெரிக்க, பிரித்தானிய ஒற்றர்கள் மாறுவேடம் பூண்டு உலாவினார்களாம். ஒற்றர் தொகை மிகுந்து, ஒருவரையொருவர் வேவு பார்த்துவிடாமல் ஒழுங்கு செய்யவும் வேண்டியதாயிற்றாம். அம்முயற்சியினால் ஒரு சதியேனும் முறியடிக்கப்பட்டதாக அவ்வாவணங்கள் காட்டவில்லை.

2015 நவம்பர் 13 ஆம் திகதி பாரிசு மாநகரிலே கொடிய தாக்குதல் நடந்தது. அதற்குச் சில நாட்களின் முன்பே பெல்ஜிய நாட்டு உள்நாட்டு அமைச்சர், பிளேஸ்ரேஷன் என்னும் விளையாட்டுக் கருவியின் வழியாகப் பேசுவோரைக் கண்காணிப்பது கடினம் என்று பொதுப்படக் கூறியிருந்தார். தாக்குதல் நடந்ததும் பத்திரிகைகள் இரண்டையும் முடிச்சுப் போட்டு, விளையாட்டுக் கருவி வழியாகவே சதி நடந்ததென எழுதின. அதற்குச் சான்று எதுவுங் கிடைக்கவில்லை. கொலைஞர்கள் எறிந்துவிட்டுப் போன தொலைபேசியொன்று அகப்பட்டது. அதிலிருந்தது நீங்களும் நானும் அனுப்புவது போன்ற சாதாரணக் குறுஞ்செய்தி.

2007 ஏப்ரிலிலே வர்ஜீனியாவின் பல்கலைக்கழகமொன்றில் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். நாடே நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வேளையிலே டெக்சஸ் மாநிலத்து உயர்தர மாணவன் ஒருவன் தன் பாடசாலைக் கட்டடத்தை அப்படியே வரைந்து ஒரு துப்பாக்கி விளையாட்டுக்குக் களமாக அமைத்திருப்பது தெரியவந்தது. பொலிசார் வீட்டைச் சோதித்தனர். குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. ஆயினும் அவன் அப்பாடசாலையை விட்டு அகற்றப்பட்டு வேறிடத்துக்கு அனுப்பப்பட்டான். பாடசாலை அதிபர் என்ற முறையிலே இவ்வழக்கு என் மனத்தை உறுத்துகிறது. பிள்ளைகள் தமக்குத் தெரிந்த கட்டடத்தையே வரைவார்கள். நம் தீவுப் பிள்ளைகளிடம் கட்டடம் வரையச் சொன்னால் கோவிலையோ பாடசாலையையோ துறைமுகத்தையோதான் வரைவார்கள். அந்த மாணவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மணிநேரம் பேசியிருந்தால் போதாதா என்றே கேட்கத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2019 ஏப்ரில் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களிலே 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரம் அளவிடற்கரியது. பின்வந்த கிழமைகளிலே நாடு முழுவதும் அச்சத்தின் ஆட்சிக்குட்பட்டது. சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. ஆளில்லா விமானங்கள் பறக்கத் தடை வந்தது. முகத்தை மூடுதல் தடுக்கப்பட்டது. பாடசாலை வாயில்களிலே பிள்ளைகளின் புத்தகப் பைகள் சோதிக்கப்பட்டன. உள்ளிருப்பது வெளியே தெரியும் பைகளே வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது.

அந்த மே மாதத்திலே மகியங்கனைப் பகுதியில் ஒரு முஸ்லிம் பெண்மணி கைது செய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த உடையிலே சக்கரமொன்று அச்சிடப்பட்டிருந்தது. அது பௌத்தரின் தர்மசக்கரம். அதை உடையிலே அணிந்து அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. பதினேழு நாள் அவர் மறியலில் இருந்தார். உண்மையில் அது கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரத்தின் படம். நேயர்களே, ஊர்காவற்றுறை ஒரு காலத்திலே பாய்க்கப்பல்கள் நிறைந்த துறைமுகம். எங்கள் பக்கத்துச் சிறுபிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்: கப்பற் சக்கரத்திலே ஆரங்கள் வட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டு கைப்பிடிகளாக நிற்கும். உற்றுப் பார்ப்பவர்க்கு அரை நிமிடத்து வேலை. அச்சமோ உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. தாக்குதல் நிகழுமுன்பே எச்சரிக்கைகள் வந்திருந்தன. அவை போதிய கவனத்தைப் பெறவில்லை என்பதை 2023 ஜனவரியிலே உயர்நீதிமன்றமே தீர்ப்பிற் கூறி, முன்னாள் சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. உண்மையான அபாயத்தைப் பற்றிய கடிதம் மேசையில் உறங்கிற்று. சட்டையிலிருந்த சக்கரத்தை நாடே விழித்திருந்து பார்த்தது. ஐயம் மிகுந்தால் பாதுகாப்பு மிகும் என்று எண்ணுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுத்தும் இந்தப் பார்வைக்குத் தப்பவில்லை. மன்னார்ப் பக்கத்து இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னப் ஜஸீம் 2020 மே மாதத்திலே கைதானார். அவருடைய 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைப் போதிப்பதாகக் கூறப்பட்டது. ஏறத்தாழப் பத்தொன்பது மாதம் மறியலில் இருந்து பிணையில் வந்த அவரை, 2023 டிசம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றம் குற்றமற்றவரென விடுவித்தது. தமிழ் படித்த எவரும் சில மணிநேரத்திலே படித்துமுடிக்கக்கூடிய நூலுக்கு மூன்றரை ஆண்டு சென்றது.

இவ்வாறு கூறுவதனால் ஐயங்கொள்வது அரசாங்கத்துக்கு மட்டுமே உரிய இயல்பென்று கொள்ளற்க. 2011 ஓகஸ்ட் மாதத்திலே 'கிறீஸ் பூதம்' என்ற பேச்சு மலையகத்திலுங் கிழக்கிலும் கிளம்பி யாழ்ப்பாணம் வரை வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். உடலிலே கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவிலே வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்று ஊரூராகப் பேசினர். ஆடவர் பொல்லுத் தடியோடு காவல் இருந்தனர். புத்தளத்திலே ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கூட்டத்தின் கையிலே உயிரிழந்தார். நமக்கு அருகிலுள்ள நாவாந்துறையிலே மர்ம மனிதரைத் துரத்திய மக்களுக்கும் படையினருக்கும் முரண்பாடு மூண்டது. அன்றிரவே நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர். பூதத்தை மக்கள் முழுவதும் கற்பனையிற் படைத்தார்கள் என்று நான் சொல்ல முன்வரேன். ஒருவரையொருவர் நம்பாத இரண்டு தரப்பினர் ஒரே ஊரில் இருக்கும்போது, இரவிலே ஓடும் எந்த நிழலும் பூதமாகும்.

இந்திய நாட்டிலும் நிலைமை வேறன்று. 2019 மார்ச்சிலே குசராத்து மாநிலத்து இராஜகோட் நகரப் பொலிசார் பப்ஜி விளையாட்டைத் தடைசெய்து, தொலைபேசியில் ஆடிக்கொண்டிருந்த மாணவர்களைக் கைதுசெய்தனர். அதற்கு முன்னர், 2017 இலே, 'நீலத் திமிங்கிலம்' என்னும் விளையாட்டுப் பிள்ளைகளை உயிர்விடத் தூண்டுகிறது என்ற பீதி தமிழ்நாடெங்கும் பரவி, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே அவ்விடயத்தைக் கையிலெடுத்தது. பின்னர் 2018 ஜனவரியிலே இந்திய மத்திய அரசாங்கம், ஆராய்ந்த மரணங்கள் எதற்கும் அவ்விளையாட்டே காரணமென நிறுவப்படவில்லை எனப் பாராளுமன்றத்திலே கூறிற்று. அப்பிள்ளைகளின் உண்மையான மனத்துயரம் என்னவென்று விசாரிக்க வேண்டிய காலம், திமிங்கிலத்தைத் தேடுவதிலே கழிந்துபோயிற்று.

இனி முதலாவது அச்சத்துக்கு வருவோம். துப்பாக்கி விளையாட்டு ஆடுபவன் கொலைஞன் ஆவானா?

இதிலே ஒரு துளியும் உண்மையில்லை என்று அடித்துச் சொல்லுதல் நேர்மையன்று. லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கம் 2003 ஆம் ஆண்டிலே தன் போரைச் சித்திரிக்கும் விளையாட்டொன்றை வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்க இராணுவம் தன் படைக்கு ஆட்சேர்க்கும் நோக்குடன் ஒரு விளையாட்டை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது என்பதையுஞ் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சிலே நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், தன் கொலைச் செயலைத் துப்பாக்கி விளையாட்டின் காட்சிபோலவே தோன்றும்படி இணையத்தில் ஒளிபரப்பினான். அவ்வாண்டு ஒக்டோபரிலே ஜேர்மனியின் ஹாலே நகரிற் கொலைசெய்தவன், விளையாட்டுக்களை ஒளிபரப்புவதற்கென்றே உள்ள தளத்தைப் பயன்படுத்தினான். வெறுப்பைப் பரப்புவோர் இளைஞர் கூடும் இடமெல்லாம் போவார்கள். இளைஞர் இன்று விளையாட்டிலே கூடுகின்றனர். முன்னாளிலே வாசிகசாலையிலும் விளையாட்டுத் திடலிலும் கூடினார்கள். அங்கும் அவர்களைத் தேடி ஆட்கள் வந்ததுண்டு. அதனால் வாசிகசாலைகளை மூடுவதா?

ஆராய்ச்சி கூறுவது இது. 2019 இலே ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதினான்கு, பதினைந்து வயதுடைய பிரித்தானியச் சிறுவர் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரை ஆராய்ந்தனர். வன்முறை விளையாட்டை மிகுதியாக ஆடியவருக்கும் ஆடாதவருக்கும் முரட்டுக்குணத்திலே வேறுபாடு தோன்றவில்லை. 2020 இலே அமெரிக்க உளவியற் சங்கம், விளையாட்டினாலேயே ஒருவன் கொடுஞ்செயல் புரிகிறான் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் கூச்சலிடுதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனங்களோடு ஒரு சிறு தொடர்பு காணப்படுகிறது என்றும் அச்சங்கமே சேர்த்துச் சொல்லிற்று. கூச்சலைப் பற்றித் தீவகத்துத் தாய்மாருக்கு அமெரிக்கச் சங்கம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 இலே தன் நோய்ப் பட்டியலிலே 'விளையாட்டு நாட்டக் கோளாறு' என்பதை ஏற்றுக்கொண்டது; 2022 முதல் அது வழக்கிலுள்ளது. உணவும் உறக்கமும் படிப்பும் நட்பும் கெட்டுப்போன பின்பும் விளையாட்டை நிறுத்த முடியாதிருத்தலே அதன் இலக்கணம். பெரும்பாலும் ஓராண்டளவு இந்நிலை நீடித்தாலே நோயென்று கொள்வர். ஒரு பரீட்சைக் காலத்திலே இரண்டு நாள் ஆடிய பிள்ளையை நோயாளியாக்க வேண்டாம். ஆனால் காலையிலே முதலாம் பாடத்திலேயே மேசையில் தலைசாயும் பையன்களை நான் கிழமைதோறுங் காண்கிறேன். அவர்களுட் பயங்கரவாதி ஒருவனுமில்லை, உறக்கமில்லாதவர்கள் பலர்.

பணமும் போகிறது. விளையாட்டு இலவசம், அதனுள்ளே வீரனுக்குச் சட்டையும் துப்பாக்கிக்கு வர்ணமும் விலைக்கு விற்கப்படுகின்றன. தகப்பனார் இரவு முழுவதுங் கடலில் நின்று பெற்ற காசு, இல்லாத வீரனின் சட்டைக்குப் போவதை எண்ணினால் நெஞ்சு கொதிக்கிறது. வெளிநாட்டு மாமனார் அனுப்பும் பணத்துக்குக் கணக்குக் கேட்பார் இல்லாத வீடுகளிலே இது மிகுதி.

மூன்றாவது, அந்நியரின் குரல். நால்வர் கூட்டத்திலே மூவர் வகுப்புத் தோழர்களாக இருக்கலாம், நாலாமவன் யார்? பெரும்பாலும் எங்கோ இருக்கும் இன்னொரு பையன். சிலவேளை பையனல்லாத ஒருவர். சிறுவரோடு நட்புப் பூண்டு, படம் கேட்டு, பின்பு அச்சுறுத்துவோர் உலகெங்கும் இவ்வழியைப் பயன்படுத்துகின்றனர். நம் பெற்றோர், தெருவிலே போகும் படைவீரருக்குப் பிள்ளையின் குரல் கேட்டுவிடுமோ என்று ஜன்னலைச் சாத்துகிறார்கள். பிள்ளையின் காதுக்குள்ளே பேசுபவர் யாரென்று கேட்பதில்லை. இதுதான் என் கவலை முழுவதும். அச்சம் தவறான வாயிலிலே காவலிருக்கிறது.

தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை உண்மையைச் சொல்லமாட்டான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். தொலைபேசியைப் பறித்து உடைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்ன தந்தையர் உண்டு. அதன்பின் அப்பிள்ளை நண்பனின் தொலைபேசியில், இடிந்த வீடொன்றின் திண்ணையிலே இருந்து ஆடுகிறான். இப்போது தந்தையாருக்கு எதுவுந் தெரியாது, அவ்வளவே. ஆட்டம் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். இரவிலே தொலைபேசி பிள்ளையின் படுக்கையில் அன்றிப் பெரியோரின் அறையில் இருக்கட்டும். 'சுடு' என்ற சொல்லைக் கேட்டுப் பதறுமுன் திரையை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

யாரேனும் பிள்ளையைத் தொல்லைப்படுத்துவதாகத் தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அந்நியர் பேச்சைக் காதில் விழாமல் அடைத்துவிடும் வசதி விளையாட்டின் அமைப்புப் பகுதியிலேயே இருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் காட்டித் தருவான்.